மெருகுக்கு முன்னால் காடி

என் மகள் என் வயிற்றில் மூன்று மாதமாக இருந்து, பார்த்ததற்கும் முகர்ந்ததற்கும் எல்லாம் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்த அந்தப் புரட்டாசியில்தான் கம்பிமேட்டு ஆட்களின் கைகளில் காடி விழுந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும், கையைச் சுற்றிலும் ஆறு பள்ளங்கள், நூல் பிடித்து வெட்டியதுபோல நேராக, சுண்டுவிரல் பதிகிற அகலத்தில், ரத்தமில்லாமல், வலியில்லாமல், தழும்புகூட இல்லாமல். அங்கே இருந்த சதை எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. ஏன் விழுந்தது என்று என்னைக் கேட்காதீர்கள், எங்கள் ஊரிலேயே யாரும் கேட்கவில்லை. பல் விளக்கப் போனவன் கையைப் பார்த்தான், பெண்டாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினான், அவள் காப்பி ஆறுகிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள், அவ்வளவுதான். நான் மட்டும் வாசலுக்கு ஓடிப்போய் வாந்தியெடுத்தேன். மசக்கை என்றார்கள்.

கம்பிமேட்டில் ஒரே தொழில்தான். குறிபார்த்துச் சுடும் போட்டிகளுக்குப் போகிற ரைபிள்களுக்கு இங்கே பேரல் செய்கிறோம், துப்பாக்கியின் அந்த நீளக் குழலை மட்டும். மற்றதை எல்லாம் வேறெங்கோ செய்து வேறெங்கோ பூட்டிக்கொள்கிறார்கள். உருண்டைக் கம்பியாக வருகிற எஃகை நடுவில் துளைத்து, குண்டைச் சுழற்றி அனுப்புவதற்காகத் துளைக்குள் மரை இழுத்து, இரும்பின் இறுக்கம் தணிய உலையில் வைத்து ஆறவிட்டு, வெளிப்பக்கத்தைக் கடைந்து, அப்புறம்தான் காடி. பேரலின் முதுகில் நீளவாக்கில் வெட்டுகிற பள்ளத்துக்குத்தான் காடி என்று பெயர். கனம் குறையும், சுட்டால் ஏறுகிற சூடு சீக்கிரம் தணியும், பார்க்கவும் லட்சணமாக இருக்கும். காடி வெட்டி முடித்த பிறகு உள்மெருகு, துளையை உள்ளுக்குள்ளேயே இழைத்து இழைத்து வழவழப்பாக்குகிற கடைசி வேலை. இந்த வரிசை மாறக் கூடாது. எவ்வளவு ஆறவிட்டாலும் இரும்புக்குள் கொஞ்சம் இறுக்கம் மிச்சமிருக்கும், வெளியே பள்ளம் தோண்டினால் அந்த இடத்தில் உள்துளை மயிரிழை அகன்று கொடுக்கும். மெருகுக்கு முன்னால் வெட்டியிருந்தால் அந்த அகலத்தை மெருகில் சரிக்கட்டிவிடலாம், மெருகு முடிந்த பிறகு வெட்டினால் ஆண்டவனே வந்தாலும் சரிக்கட்ட முடியாது. இது எங்கள் ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

எனக்குச் சோதனைப் பிரிவில் வேலை. துளைக்குள் ஓர் ஈயக்கட்டையை வைத்து நீளக்கோலால் தள்ளுவேன். நல்ல பேரலாக இருந்தால் ஈயம் ஒரே பிடியாக, முனகிக்கொண்டே, இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைவரைக்கும் போகும். கெட்ட பேரலாக இருந்தால் நடுவில் ஓரிடத்தில் சட்டென்று கை லேசாகிவிடும், இருட்டில் இல்லாத படியில் கால் வைத்துவிட்டதுபோல வயிற்றில் ஒரு குழி விழும். வழுக்கு என்போம். வழுக்கின பேரலில் குண்டு பிடிப்பில்லாமல் உருண்டுகொண்டு போய் எங்காவது விழும், குறி என்பதே கிடையாது.

அந்த வருஷம் ஆயுதபூசைக்கு முதல் நாள் மானேஜர் வந்து, ஏதோ ஒரு பெண்கள் அணிக்கு நம் பேரல் கனமாக இருக்கிறதாம், உடனே கனம் குறைத்து அனுப்ப வேண்டுமாம் என்று சொல்லி, மெருகு முடிந்து எண்ணெய் பூசி அடுக்கி வைத்திருந்த பேரல்களை எல்லாம் திரும்ப வெளியே எடுக்கச் சொன்னார். மறுநாள் ஊரில் எந்த மெஷினும் ஓடக் கூடாத நாள். சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பொரிகடலை படைத்து, சுவிட்சைக்கூடத் தொடாமல் கும்பிட்டுவிட்டு வருகிற நாள். அந்த நாளில், நெற்றியில் பொட்டு வைத்திருந்த மெஷினை, மாலையைக்கூடக் கழற்றாமல் ஓட்டினார்கள். ஓட்டியவன் என் அண்ணன் ராக்கப்பன், காடி மெஷின் அவன் பொறுப்பு.

"மெருகு முடிஞ்சதுல வெட்டினா உள்ள வழுக்குமே சார்," என்று அவன் ஒரு வார்த்தை கேட்டான்தான்.

"வழுக்கட்டும்ப்பா. பொம்பளப் புள்ளைங்க தூக்குறதுக்கு லேசா இருந்தாச் சரி. பாக்க எப்புடி இருக்கு பாரு!" என்றார் மானேஜர்.

எல்லாரும் சிரித்தார்கள். சுண்டலைத் தின்றுகொண்டே ஆளுக்கொரு பேரலாக எடுத்துக் கொடுத்தார்கள். நான் ஒவ்வொன்றிலும் ஈயத்தைத் தள்ளிப் பார்த்து, வழுக்குது, வழுக்குது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன், அவர்கள் ஒவ்வொன்றாகத் துணி சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டே இருந்தார்கள். வழுக்குது என்று சொன்ன என்னைத் தவிர, அன்றைக்கு அந்தப் பேரல்களில் கை வைத்து வேலை செய்தவன் எவனோ அவன் கையில் மறுநாள் விடியும்போது ஆறு காடி.

இனி நான் சொல்லப்போவது அருவருப்பானது. சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டுப் படியுங்கள்.

கை லேசாகிவிட்டது என்றார்கள், வெயிலில் கை சூடேறவில்லை என்றார்கள், கம்பெனி பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் ஒருவர் கையை ஒருவர் தடவிப் பார்த்து ஆகா என்றார்கள். ஒரு வாரத்துக்குள் அந்தப் பள்ளங்களில் வியர்வையும் தேங்காயெண்ணெயும் முகப்பவுடரும் சேர்ந்து சாம்பல் நிறத்தில் ஒரு களிம்பு படிய ஆரம்பித்தது. அதைக் கொண்டை ஊசியால் சுரண்டி எடுத்து, உருட்டி, முகர்ந்து பார்த்துவிட்டு எறிவார்கள், சிலர் எறியவும் மாட்டார்கள். பீடி, பஸ் டிக்கெட், பாதி தின்ற கடலைமிட்டாய் எல்லாவற்றையும் அதற்குள் செருகி வைத்தார்கள். பந்தியில் பாயசத்தை அள்ளினால் அது உள்ளங்கையிலிருந்து காடி வழியாக முழங்கைக்கு ஓடியது, அதை அங்கேயே நக்கினார்கள், கொஞ்சம் பெரியமனிதராக இருந்தால் பக்கத்து இலைக்காரரை நக்கச் சொன்னார்கள். கட்டெறும்புகள் ஒரு கையில் ஏறி மறுகை வழியாக இறங்குகிற பாதையாக அதை வைத்துக்கொண்டன. காடி அரிக்கிறது என்று யாரோ சொல்ல, மெஷினில் சூடு தணிக்க ஊற்றுகிற கூலன்ட் தண்ணீரை எடுத்துத் தடவினால் அரிப்பு நிற்கும் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். பால் நிறத்தில் இருக்கும் அது; ஞாயிறு முழுக்கத் தேங்கிக் கிடந்துவிட்டுத் திங்கட்கிழமை மூடியைத் திறந்தால் அழுகிய முட்டை வாடை தெருமுனை வரைக்கும் வரும். அதைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய்க் காலையும் மாலையும் தேய்த்துக்கொண்டார்கள். ஊரே திங்கட்கிழமையாக நாறியது.

காடி விழாதவர்களுக்கு மனம் கேட்குமா? வரிசையில் வந்து நின்றார்கள். காடி மெஷினில் கையைக் கொடுத்தால் வெண்ணெயில் கரண்டி இறங்குவதுபோல இறங்கியது, சொட்டு ரத்தம் கிடையாது, சதை மட்டும் சுருள் சுருளாக உதிர்ந்து தொட்டியில் விழுந்தது. பெண்களும் போனார்கள். முதலில் போனவள் என் நாத்தனார் ரஞ்சிதம். இரண்டு கையிலும் வெட்டிக்கொண்டு, பள்ளத்துக்குள் மஞ்சளும் குங்குமமும் ஜிகினாவும் தடவிக்கொண்டு வந்து என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"எப்புடிப் புள்ள இருக்கு?"

"கருவாட்டுச் சட்டி மாதிரி நாறுது மதினி," என்றேன்.

"ஒனக்கு மசக்க. ஒனக்குச் சந்தனம்கூட நாறும்."

என் புருஷன் தவசி வெட்டிக்கொள்ளவில்லை, துணிச்சலால் அல்ல, பயத்தால். ஆனால் அக்காளை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவும் அவருக்கு வாய் கிடையாது. ஊரோடு ஒத்துப்போவோமே கிளி என்பார். செல்லக்கிளி என்கிற என் பேரை அவர் முழுசாகச் சொல்கிறார் என்றால் அன்றைக்கு எனக்கு எதிராக ஏதோ முடிவாகியிருக்கிறது என்று அர்த்தம்.

இவ்வளவும் வெளி விஷயம். உள்ளே வழுக்கியதை நான் கண்டுபிடிக்கக் கார்த்திகை ஆகிவிட்டது.

டீக்கடை மாயாண்டியின் மனைவி இறந்துபோனாள், நல்ல பெண், முப்பது வருஷம் அவனோடு அடுப்படியில் வெந்தவள். மாயாண்டி தன் காடிக் கைகளால் அவள் காலைக் கட்டிக்கொண்டு, என்னைப் பெத்த தாயே என்ன விட்டுட்டுப் போயிட்டியே என்று அழுதான், நானும் அழுதேன், அழுதுகொண்டிருந்தவன் அப்படியே தலையைத் தூக்கி, "அயிர மீனு இன்னிக்கு என்ன வெல?" என்று கேட்டான். கேட்டுவிட்டுத் திரும்ப அழவில்லை. கண்ணீர் காய்வதற்குள் எழுந்துபோய் பாய்லரைப் பற்ற வைத்தான். பக்கத்தில் நின்றவர்கள் டீ குடித்தார்கள். எனக்கு வயிற்றில் அந்தக் குழி விழுந்தது, ஈயம் வழுக்குகிறபோது விழுகிற அதே குழி.

அப்புறம் பார்த்தால் எல்லாரிடமும் அதுதான். சொல்ல ஆரம்பித்த வார்த்தை வேறெங்கோ போய் விழுந்தது, கோபம் பாதியில் கொட்டாவியானது, சத்தியம் பண்ணியவன் வாசல் தாண்டுவதற்குள் எதற்குப் பண்ணினான் என்பதை மறந்தான், தின்ற சோறுகூட ஒட்டாமல் அப்படியே போனது, கம்மாய்க்கரையில் கால் வைக்க இடமில்லை. உள்ளே போவதும் வெளியே வருவதும் எதுவும் பிடித்து நிற்கவில்லை. அவர்களுக்கு அது கஷ்டமாகவும் இல்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தன் நாற்றம் தனக்கே தெரியாதவனைப் பார்த்து நான் பரிதாபப்பட வேண்டுமாம், பெரியவர்கள் சொன்னார்கள். எனக்குப் பரிதாபம் வரவில்லை, அருவருப்புதான் வந்தது.

ஆனால் என் அண்ணனும் அப்படித்தான் ஆகியிருந்தான். எங்களுக்குத் தாயும் இல்லை தகப்பனும் இல்லை. எனக்குப் பிறந்த வீடு என்றால் அது ராக்கப்பன்தான். நான் காய்ச்சலில் கிடந்தால் நெற்றியில் பற்றுப் போட்டுவிட்டு விடிய விடிய விசிறினவன். அவன் ஒரு சொல் சொன்னால் ஊர் கேட்கும், அப்படி ஒரு பிடி இருக்கும் அதில். இப்போது என்னைப் பார்க்க வந்தால், "என்ன தாயி, ஒடம்பு எப்புடி இருக்கு?" என்று ஆரம்பித்துவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் ஓட்டில் உட்கார்ந்த காக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கையோடு நிற்காமல் தொடையிலும் வெட்டிக்கொண்டிருந்தான். மெஷின் அவனுடையது, கேட்பாரில்லை.

உள்ளே வழுக்குகிறது என்று ஊருக்குத் தெரியாமல் இல்லை. பேரல் செய்கிற ஊருக்கு அதைக்கூடத் தெரியாமல் இருக்குமா? மாயாண்டி கடையில் ஒருநாள் அதைத்தான் பேசினார்கள்.

"நம்மள மெருகு முடிஞ்ச பெறகுல்ல வெட்டிருச்சு. அதான் உள்ள அகண்டு போச்சு."

"அப்ப மெருகுக்கு முன்னாலயே வெட்டிட்டா ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஆகாது. வெளியவும் லேசு, உள்ளவும் பிடி."

"மனுசனுக்கு மெருகு எப்ப முடியுது?"

ஒருவன் கலியாணத்தோடு முடிகிறது என்றான், மற்றவன் பத்தாம் வகுப்போடு என்றான், பூசாரி பேச்சு வருகிறபோதே முடிந்துவிடுகிறது என்றார், கடைசியில் மானேஜர் வந்து, சோறு ஊட்டுவதற்கு முன்னால் வெட்டிவிட்டால் எந்தச் சந்தேகமும் இல்லை என்று தீர்த்து வைத்தார். அறிவில்லாமல் செய்தவர்களை நான் மன்னித்துவிடுவேன். இவர்கள் அறிவோடு செய்தார்கள், வரிசையைச் சரியாகச் சொல்லிச் செய்தார்கள், ஆயுதபூசையன்று மறந்த வரிசை இவர்களுக்குப் பிள்ளைகள் விஷயத்தில் ஞாபகம் வந்துவிட்டது. தூ.

சித்திரையில் எனக்குப் பெண் பிறந்தது. மசக்கை போய் மாதக்கணக்காகியும் எனக்கு நாற்றம் போகவில்லை என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. பிள்ளை கொழுகொழுவென்று, கையில் எடுத்தால் நல்ல கனம். கழுத்து மடிப்பிலும் தொடை மடிப்பிலும் பால் திரிந்து புளிப்பு வாடை வரும். வெந்நீர்த் துணியால் துடைத்துவிட்டு அங்கேயே முத்தம் கொடுப்பேன், அது எனக்கு அருவருப்பாகவே இல்லை. பொன்னரசி என்று பேர் வைத்தோம்.

பதினாறாம் நாள் தீட்டுக் கழித்த கையோடு ரஞ்சிதம் ஆரம்பித்தாள். ஆவணியில் கருப்பசாமி கோவிலில் மொட்டை, காதுகுத்து, அதே சூட்டில் மேளதாளத்தோடு கம்பெனிக்குப் போய்க் காடி. ஊரிலேயே முதல் பிள்ளை நம் பிள்ளை, ஏனென்றால் மெஷின்காரனே தாய்மாமன், அவன் மடியில் வைத்து அவன் மெஷினில் வெட்டினால் அதைவிடச் சீர் என்ன இருக்கிறது? தாய்மாமன் மடியில் உட்காராமல் எங்கள் பக்கத்தில் எந்தப் பிள்ளைக்கும் கத்தியோ ஊசியோ படாது. மாமன் இல்லையென்றால் மாமன் முறைக்காரனை வைப்பார்கள், ஆனால் மாமன் உயிரோடு இருந்து மடி கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளையை யாரும் தொட மாட்டார்கள், அது பெரிய அபசகுனம். ஆகவே எனக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. என் அண்ணன் மாட்டேன் என்று சொல்ல வேண்டும்.

காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போவேன்.

"அண்ணே, எம்புள்ளைக்கு மடி குடுக்காத. குடுக்க மாட்டேன்னு சொல்லு."

"குடுக்க மாட்டேன் தாயி. நீ வேணாங்குறத நான் செய்வனா? நம்மம்மா மேல சத்தியம்." கண்ணில் நீர் கட்டும் அவனுக்கு, பொய் இல்லை அது.

சாயங்காலம் ரஞ்சிதம் வீட்டு வாசலில் நின்று, பிள்ளைக்கு என்ன நிறத்தில் பட்டுப்பாவாடை எடுக்கலாம், மெஷினுக்கு மாலை எத்தனை முழம் வேண்டும் என்று அவன் பேசிக்கொண்டிருப்பான். நான் போய் நின்றால், "வா தாயி, ஒன்ன பத்தித்தான் பேசிக்கிட்டிருந்தோம்," என்று சந்தோஷமாகக் கூப்பிடுவான். அடுத்த நாள் காலை திரும்பவும் சத்தியம், திரும்பவும் கண்ணீர், சாயங்காலம் திரும்பவும் பட்டுப்பாவாடை. ஆனி போய் ஆடியும் போய்விட்டது. அடித்துப் பார்த்தேன், அழுது பார்த்தேன், பிள்ளையை அவன் காலடியில் கிடத்திப் பார்த்தேன். என்ன தள்ளினாலும் அவனுக்குள் வழுக்கிக்கொண்டு போனது. அவன்மேல் எனக்கு வந்த வெறுப்பை எழுதினால் இந்தக் காகிதம் நாறும்.

தவசியிடம், "பிள்ளையத் தூக்கிட்டு எங்கயாவது போயிருவோம்," என்றேன்.

"எங்க போவ, செல்லக்கிளி?" என்றார். முழுப் பேரையும் சொன்னார்.

ஆவணியும் வந்தது. கருப்பசாமி முன்னால் பிள்ளைக்கு மொட்டை போட்டார்கள், மாமன் மடியில் வைத்துக் காது குத்தினார்கள், அது வீரிட்டு அழுதது, நான் தடுக்கவில்லை, என் காதிலும் அப்படித்தான் குத்தினார்கள். அப்புறம் மேளம் கம்பெனிப் பக்கம் திரும்பியது. ஊரே பின்னால் வந்தது, வெயிலில் ஊறிய கூலன்ட் வாடையும் மல்லிகைப்பூ வாடையும் கலந்து. மெஷினுக்குச் சந்தனம் வைத்திருந்தார்கள். பேரலை இரண்டு முனையிலும் பிடிக்கிற இடத்தில், குழந்தையின் கை அசையாமல் இருக்க ஆசாரி ஒரு சின்ன மரக்கட்டையைக் குடைந்து, உள்ளே மெத்துமெத்தென்று சிவப்பு வெல்வெட் ஒட்டிக் கொடுத்திருந்தார். அந்த வெல்வெட்டைப் பார்த்ததும்தான் பிள்ளையை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தேன். அவ்வளவு அன்பாக ஒட்டியிருந்தார்கள்.

மானேஜர் பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுவிட்ச் பக்கத்தில் நின்றார். ராக்கப்பன் ஸ்டூலில் உட்கார்ந்து வேட்டியைத் தொடைக்கு மேல் ஒதுக்கினான். இரண்டு தொடையிலும் ஆழ ஆழமாகக் காடி, அதற்குள் கறுப்பாக என்னவோ. பிள்ளை இன்னும் அழுதுகொண்டிருந்தது.

"அழுதா கை ஆடும்," என்று சொல்லி ரஞ்சிதம் என் கையிலிருந்து பிள்ளையைப் பிடுங்கி, சர்க்கரைத் தண்ணீரைச் சங்கில் ஊற்றிப் புகட்டினாள், ஒரு சங்கு போதாமல் மேலும் மேலும், தன் காடிக் கையால் வாயைத் துடைத்துத் துடைத்து. பிள்ளை அடங்கியது. அதை மாமன் மடியில் வைத்தாள். மேளக்காரன் கொட்டி முழக்கினான், மானேஜர் சுவிட்சைப் போட்டார், கட்டர் சுழல ஆரம்பித்தது, பால் நிறத் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது, என் அண்ணன் பிள்ளையின் கையைப் பிடித்து அந்த வெல்வெட்டுக்குள் நீட்டினான். "அண்ணே," என்று கத்தினேன். என்னைப் பார்த்துச் சிரித்தான். என் கையைத் தவசியும் இன்னும் இரண்டு பேரும் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது பிள்ளையின் வயிற்றில் குடகுடவென்று ஒரு சத்தம் கேட்டது.

அத்தனை சர்க்கரைத் தண்ணீரையும் பச்சைக்குழந்தை வயிறு எப்படித் தாங்கும்? பட்டுப்பாவாடையைத் தாண்டிக்கொண்டு, மஞ்சளாக, நுரையாக, பீச்சிக்கொண்டு வந்தது, அவன் மடியில் விழுந்து தொடைக்காடிகளில் இறங்கி, அங்கே மாதக்கணக்காக இறுகிக் கிடந்த அழுக்கை எல்லாம் இளக்கிக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்திலும் ஓர் ஓடையாக முட்டி வரைக்கும் ஓடி, செருப்பில் சொட்டியது. பச்சைப்பிள்ளையின் சூடு பட்டதும் பழைய களிம்பிலிருந்து கிளம்பியது பாருங்கள் ஒரு வாடை, அதுவரை அவன் மோந்தறியாத அவனுடைய வாடை.

ராக்கப்பன் குனிந்து பார்த்தான். மூக்கு சுருங்கியது. உதடு கோணியது.

"சீ!" என்றான்.

நான் எத்தனையோ ஆயிரம் பேரலில் ஈயத்தைத் தள்ளியவள், எனக்குத் தெரியும். அந்த ஒரு எழுத்து அவன் அடிவயிற்றிலிருந்து கிளம்பி, எங்கேயும் வழுக்காமல், ஒரே பிடியாக முனகிக்கொண்டு வந்து வாய் வழியாக வெளியே பாய்ந்தது. மேளக்காரன் கை நின்றுவிட்டது.

"புள்ள பீ பட்டா நல்லதுதான், மகாலச்சுமி. நீ வெட்டு," என்று சொல்லிக்கொண்டே ரஞ்சிதம் முந்தானையால் அவன் தொடையைத் துடைத்து, துடைத்த முந்தானையை அப்படியே இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அவன் அவளைப் பார்த்தான். அவள் கையைப் பார்த்தான், பள்ளத்துக்குள் இருந்த ஜிகினாவையும் குங்குமத்தையும் ஊர்ந்துகொண்டிருந்த எறும்பையும் பார்த்தான். தன் கையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். அப்புறம் பிள்ளையின் கையை வெல்வெட்டிலிருந்து உருவிக்கொண்டு ஸ்டூலை விட்டு எழுந்து, சுவிட்சை நிறுத்திவிட்டு, ஒரு கையில் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மறுகையால் மெஷினைப் பிடித்துக்கொண்டு, பொட்டு வைத்த அந்த மெஷின் மேலேயே வாந்தியெடுத்தான். குடல் வெளியே வந்துவிடுமோ என்று நான் பயப்படுகிற அளவுக்கு எடுத்தான்.

"இந்தா தாயி, புள்ளையப் புடி. நல்லாக் கழுவு," என்றான். ஊரைப் பார்த்துத் திரும்பினான். "நான் மடி குடுக்க மாட்டேன்."

எல்லாரும் காத்துக்கொண்டு நின்றார்கள், நானும் நின்றேன், அந்தச் சொல் எப்போது வழுக்கும் என்று. சாயங்காலம் வரைக்கும் நின்றது. மறுநாள் விடிந்தும் நின்றது.

ஊர் திருந்திவிட்டது என்று நினைக்காதீர்கள், அப்படி நினைக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. அடுத்த வெள்ளிக்கிழமை மாயாண்டியின் பேரனுக்கு வேறொரு மாமன் மடி கொடுத்தான், வேறொருவன் மெஷினை ஓட்டினான், வெல்வெட்டு வீணாகவில்லை. வரிசை சரியாக இருந்ததால் உள்ளே வழுக்காது என்றார்கள். அந்தப் பிள்ளைக்கு இப்போது பேச்சு வந்திருக்கிறது. ஒரு கேள்வி கேட்டால் பாதியில் கொட்டாவி விடுகிறது. உலையில் ஆறவிட்டது போதவில்லை என்று பேசிக்கொள்கிறார்கள். என் மகளைக் கனத்த பிள்ளை என்று கேலி பண்ணுகிறார்கள், ரஞ்சிதம் எங்கள் வீட்டு வாசலை மிதிப்பதில்லை, பஸ்ஸில் எங்கள் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. எனக்கும் அது வசதிதான், வாடை குறைவு.

அண்ணனுக்கு வெட்டின காடி தூரவில்லை, தூராது. தினமும் காலையில் வந்து துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, கைகளை நீட்டி, வேட்டியை ஒதுக்குகிறான். பேரல் துடைக்கிற கோலில் துணியைச் சுற்றி, வெந்நீரில் நனைத்து, ஒவ்வொரு பள்ளமாக இழுத்துத் துடைக்கிறேன். எனக்கு அருவருப்பாகத்தான் இருக்கிறது, இன்றுவரைக்கும் பழகவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, திட்டிக்கொண்டே துடைக்கிறேன். பொன்னரசி பக்கத்தில் கனமாக உட்கார்ந்துகொண்டு மூக்கைப் பொத்திக்கொண்டு மாமனைப் பார்த்துச் சிரிக்கிறாள். துடைத்து முடித்ததும் அந்தத் துணியை அவன் மூக்குக்கு நேராக நீட்டிக்கொண்டு காத்திருக்கிறேன்.

இன்றைக்கும் சீ என்றான்.